புது ஃபேக்டரி செல்லுக்குக் காத்திருப்பதா, இப்போதே வாங்குவதா? டெல்டாக்காரர்களுக்கான ஒரு கணக்கு

நீடாமங்கலத்து மாமா போன வாரம் போன் பண்ணினார். "மாப்ள, எலக்ட்ரிக் கார் ஒண்ணு புக் பண்ணலாம்னு இருக்கேன். ஆனா ஏதோ புது ஃபேக்டரியிலேர்ந்து புது பேட்டரி வரப்போவுதாம்ல? அது வந்தா இப்ப இருக்கறதெல்லாம் பழசாயிடுமாம். நிறுத்தி வெக்கட்டுமா?" இதே கேள்வியைப் பாபநாசத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரும், வேளாங்கண்ணிக்கு டாக்சி ஓட்டும் தம்பி ஒருவரும் இரண்டு மாதத்துக்குள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. கும்பகோணம் பக்கம் இரண்டு வருடமாக எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறேன். இரண்டு கத்திரி வெயிலும் இரண்டு ஐப்பசி மழையும் பார்த்த அனுபவத்தோடு எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் தனித்தனி மின்கலங்களைத்தான் செல் என்கிறார்கள். அந்தச் செல்லின் பெயரை வைத்து ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் நம் ஊர், நம் ஓட்டம், நம் வீட்டு மின்சாரம். அதற்கப்புறம்தான் செல். நான் பார்க்கச் சொல்வது இந்த ஆறு விஷயங்கள்.

ஓட்டம். தினசரி எவ்வளவு, அதிகபட்சப் பயணம் எவ்வளவு. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய்வந்தாலும் 80 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கும்பகோணத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 290. பெரும்பாலானவர்களுக்கு வருடத்தில் 340 நாள் முதல் கணக்கு, மீதி நாள் இரண்டாவது கணக்கு.

வெயில். பேட்டரி ஓடும்போது மட்டுமல்ல, சும்மா நிற்கும்போதும் தேய்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் தேய்மானம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குக் கீழே வண்டியை நிறுத்துகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊர்கள் நம்முடையவை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புத் தண்ணீர், உப்புக் காற்று இரண்டும் சேரும்.

வீட்டு மின்சாரம். ஈ.பி. லோடு, வோல்டேஜ், எர்த். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இதுதான்.

சர்வீஸ். பேட்டரியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கிறாரா, இல்லை வண்டியை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா.

எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள். நம் பக்கம் ஒரு கார் வாங்கினால் பத்து வருடம் வீட்டில் நிற்கும். அப்புறம் மகனுக்கோ மருமகனுக்கோ போகும். இந்தப் பழக்கத்துக்கும் பேட்டரி வாரண்டிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

## புது செல் பேச்சு: இதற்கு முன் என்ன நடந்தது

இந்த மாதிரிப் பேச்சு முதல்முறை கிளம்பவில்லை. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் எலக்ட்ரிக் கார் கம்பெனி டெஸ்லா 4680 என்ற செல்லை அறிவித்தது. 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம். அதற்கு முந்தைய 2170 செல் 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. செல்லின் அமைப்பு மாறியதாலேயே வண்டியின் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 16 சதவீதம் கூடும் என்று சொன்னார்கள். அடுத்த மாதமே, பெர்லின் அருகே கட்டிக்கொண்டிருந்த புதிய தொழிற்சாலையில் இந்தச் செல்தான் வரும் என்று டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் எழுதினார். அதை நம்பி புக்கிங்கைத் தள்ளிப்போட நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

2022 மார்ச் 22 அன்று பெர்லின் தொழிற்சாலை திறந்தது. வெளியே வந்த கார்களில் இருந்தது பழைய 2170 செல். டெக்சாஸ் தொழிற்சாலையில் மட்டும் அந்த வருடமே 4680 செல்லோடு மாடல் ஒய் கார் வந்தது. அமெரிக்க அரசின் சோதனைப்படி அதன் ரேஞ்ச் 279 மைல், அதாவது சுமார் 449 கிலோமீட்டர். பழைய செல்லோடு விற்ற லாங் ரேஞ்ச் வண்டிக்கு 330 மைல், சுமார் 531 கிலோமீட்டர். புது செல் வண்டி குறைவாக ஓடியது!

செல் மோசமானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு செல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரி, தொழிற்சாலையின் முதல் வருடத்தில் ஒரு மாதிரி, ஐந்தாவது வருடத்தில் ஒரு மாதிரி. ரைஸ் மில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். புது மெஷின் போட்ட முதல் மாதம் குருணை எவ்வளவு விழும், ரோலரின் இடைவெளி பிடிபட்டதும் எவ்வளவு குறையும்! செல் தொழிற்சாலையிலும் அதே கதைதான். மெல்லிய அலுமினியத் தகட்டிலும் செம்புத் தகட்டிலும் மாவு மாதிரிக் கரைசலைப் பூசி, காயவைத்து, உருளையில் அழுத்தி, இடையில் ஒரு சவ்வை வைத்துச் சுருட்டுகிறார்கள் அல்லது அடுக்குகிறார்கள். பூச்சின் கனம் இம்மி பிசகக் கூடாது. காற்றில் ஈரமே இருக்கக் கூடாது. திரவம் ஊற்றிய பிறகு முதல் சார்ஜை மெதுவாக ஏற்றி, நாள்கணக்கில் வைத்திருந்து, கசிவது எது என்று பார்த்துக் கழிக்கிறார்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் கை வர வருடக்கணக்காகும்.

கை வந்த கம்பெனிகளுக்கே தவறு நேர்ந்திருக்கிறது. 2021-ல் செவ்ரோலே போல்ட் கார்கள் அனைத்தையும், ஏறக்குறைய 1,42,000 வண்டிகளை, திரும்ப அழைத்தார்கள். எல்.ஜி. தயாரித்த செல்களில் ஒரு முனை கிழிந்தும் சவ்வு மடிந்தும் இருந்ததுதான் காரணம். சுவீடனில் பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கிய நார்த்வோல்ட் முதல் செல்லை 2021 டிசம்பரில் தயாரித்தது. சொன்ன அளவுக்கு உற்பத்தி வரவில்லை. 2024-ல் பி.எம்.டபிள்யூ தன் 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவாலானது.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது, அதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. 2021-ல் மத்திய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகையோடு 50 ஜிகாவாட் மணி செல் உற்பத்திக்குத் திட்டம் போட்டது (ஒரு ஜிகாவாட் மணி என்பது பத்து லட்சம் யூனிட்). கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா செல் தொழிற்சாலை கட்டியது. அதுவும் 4680 அளவுதான், ஸ்கூட்டருக்குத்தான் முதலில் போனது. குஜராத்தின் சனந்தில் டாட்டா குழுமத்தின் அக்ரதாஸ் 20 ஜிகாவாட் மணி தொழிற்சாலைக்கு 2023-ல் ஒப்பந்தம் போட்டது. எக்ஸைடின் பெங்களூரு தொழிற்சாலையோடு செல் வாங்க ஹூண்டாய் 2024-ல் கைகோத்தது. ஆனால் 2025 வரையில் அந்த 50-ல் மிகச் சிறிய பகுதிதான் உற்பத்திக்கு வந்திருந்தது. காரைக்குடியில் 1948-லேயே அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. லட்சக்கணக்கில் ஒரே தரத்தில் தயாரிப்பதுதான் இன்னும் கைவர வேண்டியது.

## வழி 1: இன்று கிடைக்கும் எல்.எஃப்.பி. பேட்டரியோடு வாங்குவது

லித்தியம் இரும்பு பாஸ்பேட். நெக்ஸான் ஈ.வி., எம்.ஜி. விண்ட்சர், மகிந்திராவின் பி.ஈ. 6 இவற்றிலெல்லாம் இந்த வகைதான். மகிந்திரா வண்டிகளில் இருப்பது சீனக் கம்பெனியான பி.ஒய்.டி.யின் பிளேட் செல், 2020-ல் வந்தது.

டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேதியியல் இன்று கடையில் இல்லை என்பது என் முடிவு. காரணம் சொல்கிறேன். எல்.எஃப்.பி.யின் பெரிய குறை குளிர். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறச் சிரமப்படும், ரேஞ்ச் விழும். மார்கழிப் பனியில்கூட நமக்கு 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். உலகத்தில் மற்றவர்கள் இந்த செல்லைப் பற்றிச் சொல்லும் முதல் புகார் நமக்குப் பொருந்தவே பொருந்தாது. சூட்டில், அடுத்த வழியில் சொல்லப்போகும் என்.எம்.சி. வகையைவிட நிதானமாக இருக்கும். பாஸ்பரஸ் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால் பழுதானாலும் எளிதில் தீப்பிடித்துப் பரவுவதில்லை. 2,000, 3,000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும்.

ஒரு சின்ன விஷயம். இந்தப் பாஸ்பேட்டும் நாம் அடியுரமாகப் போடும் டி.ஏ.பி.யும் ஒரே பாறையிலிருந்து வருகிறவை. டி.ஏ.பி. மூட்டை கிடைக்காமல் சங்கத்தில் வரிசையில் நின்ற விவசாயிக்கு, பேட்டரி விலையும் ஒரு நாள் ஏன் ஆடும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள்:

கம்பெனி சொல்லும் ரேஞ்ச் வேறு, கையில் கிடைப்பது வேறு. நெக்ஸானின் 45 கிலோவாட் மணி பேட்டரி, அதாவது ஈ.பி. கணக்கில் 45 யூனிட், 489 கிலோமீட்டர் என்று சான்றிதழில் இருக்கும். ஏ.சி. போட்டு நம் சாலையில் 320, 330 என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்கிரவாண்டி நாற்கரச் சாலையில் 100-க்கு மேல் ஓட்டினால் இன்னும் குறையும். சென்னைக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம்.

மீட்டர் பொய் சொல்லும். எல்.எஃப்.பி.யின் வோல்டேஜ் நடுவில் சமதளமாகவே இருக்கும், அதனால் எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே சரியாகத் தெரியாது. வாரம் ஒரு முறை முழுதாக 100 சதவீதம் ஏற்றினால் கணக்கு நேராகும். நான் ஒரு மாதம் சோம்பேறித்தனமாக 80-லேயே நிறுத்திவந்தேன். சேத்தியாத்தோப்பு தாண்டியபோது 19 காட்டிய மீட்டர் சற்று நேரத்தில் 11-க்கு வந்தது. வடலூர் போய்ச் சேரும்வரை ஏ.சி.யை அணைத்துவிட்டு வியர்த்து ஓட்டினேன்.

அப்புறம் வாரண்டி. சில கம்பெனிகள் பேட்டரிக்கு ஆயுள் வாரண்டி தருகின்றன. பெரும்பாலும் அது முதல் உரிமையாளருக்கு, சொந்த உபயோகப் பதிவுக்கு மட்டும். ஏழு வருடம் கழித்து மகன் பெயருக்கு மாற்றினால் வாரண்டி சுருங்கிவிடும். மகிந்திராவில் அது 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் என்று ஆகும். எப்படியும் மகன்தான் ஓட்டப்போகிறார் என்றால் முதலிலேயே அவர் பெயரில் வாங்குவது நல்லது.

## வழி 2: என்.எம்.சி. பேட்டரியோடு வாங்குவது

நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டா எலக்ட்ரிக்கில் இருப்பது இதுதான், 2025-ல் வந்தபோது 51.4 கிலோவாட் மணிக்கு 473 கிலோமீட்டர் சான்றிதழ் ரேஞ்ச். மேலே சொன்ன 489-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டியின் அளவும் எடையும் வேறு என்றாலும், நாம் வாங்கும் விலைப் பிரிவில் செல்லின் பெயரால் மட்டும் ரேஞ்ச் கூடிவிடுவதில்லை.

இதன் மீட்டர் நம்பகமாக இருக்கும். மாதம் மூன்று நான்கு முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ நெடுஞ்சாலையில் போகிறவர், வீட்டில் நல்ல நிழல் உள்ளவர், வண்டி பிடித்துப்போனவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் தினமும் 80 சதவீதத்தில் நிறுத்தும் ஒழுக்கம் வேண்டும். முழுதாக ஏற்றி, மே மாத வெயிலில் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகக் கூடாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்துக்கொண்டு, வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் வந்து ஓட்டும் நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. வண்டி மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். அவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 3: புது செல் வரட்டும் என்று காத்திருப்பது

இதில் இரண்டு விதமான காத்திருப்பு இருக்கிறது. வீட்டில் நன்றாக ஓடும் பெட்ரோல் கார் இருக்கும்போது காத்திருப்பது ஒன்று. வண்டியே இல்லாமல், அல்லது மாதம் இரண்டு முறை மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் வண்டியோடு காத்திருப்பது இன்னொன்று.

முதல் வகைக்கு என் பதில்: தாராளமாகக் காத்திருங்கள். மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அவசரமே இல்லை. பேட்டரி விலை இறங்கிக்கொண்டுதான் வருகிறது.

இரண்டாம் வகைக்கு ஒரு கணக்கு. மாதம் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 80 லிட்டர் பெட்ரோல், 8,000 ரூபாய். அதே ஓட்டத்துக்குச் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 185 யூனிட் ஆகும். யூனிட்டுக்குச் சராசரி 8 ரூபாய் என்று போட்டால் 1,480 ரூபாய். வித்தியாசம் மாதம் 6,500. இரண்டு வருடம் காத்திருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். புது செல் வந்து வண்டி விலை ஒன்றரை லட்சம் இறங்கினால்தான் காத்திருந்தது கட்டுப்படி ஆகும்.

சோடியம் செல் பற்றியும் கேட்கிறார்கள். சீனாவின் பேட்டரிக் கம்பெனி சி.ஏ.டி.எல். 2021-ல் கிலோவுக்கு 160 வாட் மணி என்று அறிவித்தது, 2025-ல் 175 என்று மேம்படுத்தியது. உப்பிலிருந்து வரும் சோடியம், லித்தியம் தேவையில்லை. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதெல்லாம் நம் பக்கமே நடக்காதா என்று எனக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சோடியத்தின் பெரிய பலம் கடுங்குளிரில் வேலை செய்வது. நமக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? விலை குறைந்தால் மட்டுமே நமக்கு லாபம்.

காத்திருந்து வாங்கினாலும் முதல் வருட வண்டியை வாங்காதீர்கள் என்பதுதான் இந்த வழியில் நான் அழுத்திச் சொல்வது. நமக்கு இது தெரியாததல்ல. புது நெல் ரகம் வந்தால் எடுத்தவுடனே ஒரு வேலி (20 மா) நிலத்திலும் விதைப்போமா? ஒரு மாவில் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் நின்றால் தாங்குகிறதா, புகையான் பூச்சி வருகிறதா, வியாபாரி எடுக்கிறாரா என்று ஒரு போகம் பார்ப்போம். பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009-ல் வெள்ளம் தாங்கும் சப்-1 ரகம் வந்தபோதும் அப்படித்தான் செய்தோம். காரில் ஒரு மா மட்டும் விதைத்துப் பார்க்க வழியில்லை. வாங்கினால் முழு வேலியும் அதுதான். அதனால் வேறு யாராவது இரண்டு வெயில் ஓட்டிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, சில புது வடிவமைப்புகளில் செல்களை வண்டியின் உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். டெக்சாஸ் மாடல் ஒய்-யில் செல்களைச் சுற்றிலும் நுரைப் பசை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். எடை குறையும், சரி. ஆனால் ஒரு செல் கெட்டால் தனியாகப் பிரித்து மாற்ற முடியாது. திருச்சியைத் தாண்டினால் பேட்டரி ஆளே இல்லாத நமக்கு, கழற்றி மாட்டும் மாட்யூல் (செல் கட்டு) உள்ள பேட்டரி எவ்வளவோ மேல்.

## வழி 4: பேட்டரியை வாடகைக்கு எடுப்பது

புது செல் வந்துவிட்டால் என் பேட்டரி பழசாகிவிடுமே என்ற பயத்துக்கு நேரான பதில் இது. பேட்டரி அவர்களுடையது, வண்டி மட்டும் உங்களுடையது. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு 13.50 லட்சம். வித்தியாசம் 3.51 லட்சம், அதாவது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் வாடகையாகவே அந்தப் பணம் போய்விடும். அதற்குமேல் ஓட்டுவதெல்லாம் கூடுதல் செலவு. கடன் வட்டியைச் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் தள்ளிப்போகும்.

வாடகையின் மேல் கரண்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு இருக்கிறதா என்று ஃபைனான்ஸ் காகிதத்தில் பாருங்கள். இருந்தால், வண்டி ஓடாத மாதத்திலும் கட்ட வேண்டும். டாக்சி ஓட்டும் தம்பிக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருடம் 50,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டே வருடத்தில் அந்த 3.51 லட்சம் வாடகையாகவே போய்விடும். ஐந்து வருடத்துக்குள் வண்டியை மாற்றிவிடும் பழக்கமுள்ள, வருடம் 12,000, 15,000 ஓட்டுகிற ஒருவருக்கு இது நல்ல வழி.

## ஒரே பார்வையில்

| | எல்.எஃப்.பி. இப்போதே | என்.எம்.சி. இப்போதே | புது செல்லுக்குக் காத்திருப்பு | பேட்டரி வாடகை |
|---|---|---|---|---|
| டெல்டா வெயில் | நன்றாகத் தாங்கும் | நிழலும் கவனமும் வேண்டும் | ஓட்டிப் பார்த்தவர் இல்லை | தேய்மானக் கவலை அவர்களுக்கு |
| தினசரி சார்ஜ் | வாரம் ஒருமுறை 100 | 80-ல் நிறுத்த வேண்டும் | செல்லைப் பொறுத்தது | செல்லைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | மீட்டர் பிசகு, பெயர் மாற்றினால் வாரண்டி | வெயிலில் தேய்மானம் | மாதாமாதம் பெட்ரோல் | குறைந்தபட்ச வாடகை |
| யாருக்கு | உள்ளூர் ஓட்டம், பத்து வருடம் வைத்திருப்பவர் | அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் | நல்ல பெட்ரோல் கார் உள்ளவர் | குறைந்த ஓட்டம், சீக்கிரம் மாற்றுபவர் |

## எந்த செல் வாங்கினாலும் தப்பிக்க முடியாத இரண்டு

எர்த். வண்டி வந்த முதல் ஏப்ரலில் ஒரு நாள் இரவு சார்ஜர் செருகினேன். பச்சை வர வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினேன், மறுபடி சிவப்பு. வண்டி கெட்டுவிட்டதோ என்று தூக்கமே போய்விட்டது. காலையில் வந்த வயர்மேன் வண்டியைத் தொடவே இல்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். எர்த் குழியைச் சுற்றிலும் களிமண் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம், அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டது. பிறகு கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்தோம். இப்போதும் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றுகிறேன். நம் வண்டல், களிமண் பூமியில் இது எல்லா வீட்டுக்கும் வரும்.

கூடவே வோல்டேஜ். பக்கத்து வயலில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 230 இருக்க வேண்டியது 180-க்கு இறங்கும். 7.2 கிலோவாட் சார்ஜர் 31 ஆம்பியர் இழுக்கும். பழைய சிங்கிள் ஃபேஸ் இணைப்பு தாங்காது, லோடு கூட்ட விண்ணப்பம் போட வேண்டும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 45 யூனிட் ஏற 15 மணி நேரம் ஆகும், தினசரி ஓட்டத்துக்கு அதுவே போதும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஈ.பி. கணக்குப் படிகளே மாறும். 300 யூனிட் செலவாகும் வீட்டில் கார் வந்தால் 670 ஆகும், அந்தப் படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வெள்ளம். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலில் கடல் தண்ணீர் புகுந்த எலக்ட்ரிக் கார்கள் சில, நாள்கள் கழித்துத் தீப்பிடித்தன. கடலோரத்தில் இருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல வண்டியையும் மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். தண்ணீர் புகுந்தால் சார்ஜரில் மாட்டாமல் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் பேட்டரிக்குத் தனிப் பாதுகாப்பு சேர்த்தே எடுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீரால் வந்த ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பணம் மறுக்கப்படலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர்காரருக்குக் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். இன்று சில கார்களில் பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாமான்களை ஓட்டும் வசதி இருக்கிறது. முழு சார்ஜில் உள்ள வண்டி, மின்விசிறி, விளக்கு, போன், ஒரு ஃபிரிட்ஜ் என்று பல நாள் தாங்கும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊருக்கு சன்ரூஃபைவிட இது அவசியம்.

## ஷோரூமில் கேட்க வேண்டியவை

விற்பனைப் பையன் "புது செல் சார்" என்றால் நான்கு கேள்வி போதும். இது எல்.எஃப்.பி.யா, என்.எம்.சி.யா? இதே பேட்டரியோடு இதற்கு முன் எத்தனை வருடமாக வண்டி விற்கிறீர்கள்? எத்தனை சதவீதத்துக்குக் கீழே தேய்ந்தால் மாற்றித் தருவீர்கள், அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? பேட்டரியைத் திறக்கும் சர்வீஸ் எந்த ஊரில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு "வண்டியைச் சென்னைக்கு அனுப்பணும்" என்று பதில் வந்தால், அந்த வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் இன்னொரு ஷோரூமையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாமாவுக்கு நான் சொன்னது: உங்கள் ஓட்டம் மன்னார்குடி, திருவாரூர், மாதம் ஒரு முறை தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. பழைய டீசல் வண்டி இனி எஃப்.சி.க்குப் போகாது. எல்.எஃப்.பி.யில் நடுத்தர பேட்டரி, வாடகை வேண்டாம், பிள்ளை பெயரில் பதிவு. சம்பா அறுத்துப் பணம் கைக்கு வரட்டும், தையில் புக் பண்ணலாம். அதற்குள் வயர்மேனை அழைத்து எர்த் குழியை மட்டும் எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும், வேலை சுலபம்.